எண்ணெய் குடித்த கற்கள்

தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில் விடுதலைப் போராட்டத் தியாகி சுப்பிரமணிய சிவாவின் சமாதி இருக்கிறது. அதே வட்டாரத்தில் வயல் வரப்பிலும் புளிய மரத்தடியிலும், இறந்த வீரர்களின் நினைவாக நட்ட நடுகற்கள் நிற்கின்றன. கல் பராமரிப்பு வேலையில் இரண்டு பக்கமும் அலைந்தவன் நான். எது கடினம் என்று கேட்டால் நடுகல்தான் என்பேன்.

சமாதிக்குப் பெயர் உண்டு, நாள் உண்டு: 1925 ஜூலை 23. சிறையிலிருந்து தொழுநோயோடு வெளியே வந்தவர், ரயிலில் ஏறத் தடை விதித்த பிறகும் நடந்தே ஊர் ஊராகப் போய்ப் பேசினார். பாரத மாதாவுக்கு இங்கே கோயில் எழுப்ப 1923இல் சித்தரஞ்சன் தாஸைக் கொண்டு அடிக்கல் நாட்டினார். கட்டி முடிக்க ஆயுள் இல்லை. இறக்கும்போது வயது 40தான். நினைவாலயம் எழும்ப ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆனது. எப்படியோ, அந்த இடத்துக்குக் கூரை, கதவு, பூட்டு எல்லாம் வந்துவிட்டன.

நடுகல்லுக்கு இவை எதுவும் கிடையாது. கவர்ந்து செல்லப்பட்ட மாட்டு மந்தையை மீட்கப் போய் விழுந்த ஏதோ ஒரு வீரன். வில்லும் வாளுமாக ஓர் உருவம். தலைமாட்டில் வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்தில் சில வரி. ஊரார் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். அந்தக் கும்பிடுதான் எங்களுக்குச் சிக்கல். எண்ணெய்யும் மஞ்சளும் விளக்குப் புகையும் பல தலைமுறையாக ஏறி, எழுத்தின் பள்ளங்களைத் தார்போல அடைத்துவிடுகின்றன. கல்லின் மேல் காகிதத்தை ஒற்றி, மை தடவி எழுத்தைப் பிரதி எடுப்பதை மைப்படி என்போம். இந்த நிலையில் மைப்படி எடுத்தால் காகிதத்தில் கறுப்புதான் மிஞ்சும். கம்பித் தூரிகையும் அமிலமும் கூடாது. காகிதக் கூழைக் கரைப்பானில் நனைத்து அப்பி, எண்ணெய்யைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்ச விட வேண்டும். பொறுமை இல்லாதவனுக்கு ஆகாத வேலை.

ஒரு குக்கிராமத்தில் இப்படி அப்பிக்கொண்டிருந்தபோது பூசை செய்யும் பாட்டி வந்து நின்றார். “சாமியை இப்படிக் காயப் போடலாமா தம்பி?” என்றார். பதில் சொல்ல வரவில்லை. அந்தப் பாட்டியின் முன்னோர் எண்ணெய் ஊற்றியிராவிட்டால் அந்தக் கல் எப்போதோ துவைக்கும் கல்லாகியிருக்கும், இல்லையென்றால் வாய்க்கால் பாலமாகியிருக்கும். பூசை நின்றுபோன கற்களை நான் அப்படித்தான் பார்த்திருக்கிறேன். தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியமான் மறைந்தபோது, மலைநாடு முழுவதையும் கொடுத்தாலும் கொள்ளாதவன், நடுகல்லில் வார்க்கும் சிறுகலத்துக் கள்ளைக் கொள்வானோ என்று ஔவையார் அழுதார். வார்ப்பது அன்றே இருந்த வழக்கம். தடுக்க நான் யார்?

எல்லாக் கல்லையும் அருங்காட்சியகத்துக்கு ஏற்றிவிடலாம் என்பவர்கள் உண்டு. கேட்பாரற்றுக் கிடப்பதை ஏற்றட்டும், சரி. பூசை நடக்கும் கல்லைப் பெயர்ப்பது எனக்கு உடன்பாடில்லை. பாட்டியோடு பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம்: எண்ணெய் வீரனின் காலடியில் மட்டும், விளக்கு இரண்டடி தள்ளி, எழுத்து இருக்கும் பக்கம் வெறும் தண்ணீர்.

எண்ணெய்யை இப்படிப் பேசித் தீர்க்கலாம். சிமெண்ட் அப்படியல்ல. பக்தியுள்ள யாரோ பணம் போட்டு, கல்லைச் சுற்றி மேடை கட்டி டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள். மண்ணின் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்போடு கல்லுக்குள் ஏறுகிறது. மேற்பரப்பு செதில் செதிலாக உதிர்கிறது. கழுவியெடுக்க அங்கே எழுத்தே இருப்பதில்லை. அதனால் இப்போதெல்லாம் எந்த ஊருக்குப் போனாலும் பூசாரியைத் தேடுவதற்கு முன்பு கொத்தனாரைத் தேடுகிறேன். மேடை கட்டியே ஆக வேண்டுமென்றால் கல்லை ஒட்டி ஓரடிக்கு மணல் விடச் சொல்கிறேன். சிலர் விடுகிறார்கள்.