வைவாவுக்கு ஹோசோகாவாவை எடுப்பவர்களுக்கு

ரிசல்ட் வந்துவிட்டது. முதுகலை இசையியல் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், ஜப்பானிய இசையமைப்பாளர் தோஷியோ ஹோசோகாவாவைச் சிறப்புத் தலைப்பாக எடுத்திருந்தேன். நல்ல மதிப்பெண்ணே கிடைத்திருக்கிறது. "உயிரோடு இருப்பவரை எடுக்காதே, படிக்க நூல் கிடைக்காது, பேசாமல் தகேமித்சுவை எடு" என்று, மறைந்த இன்னொரு ஜப்பானிய இசையமைப்பாளரைச் சொல்லி, ஆரம்பத்திலேயே பலர் பயமுறுத்தினார்கள். அதனால்தான் இந்த நிம்மதி கொஞ்சம் பெரிதாக இருக்கிறது. அடுத்த பேட்ச்சில் இவரை எடுக்க நினைப்பவர்களுக்காக, எல்லாம் நினைவில் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

வாழ்க்கை வரலாற்றை ஒரே நிமிடத்தில் முடியுங்கள். 1955இல் ஹிரோஷிமாவில் பிறந்தார். 1976இல் பெர்லின் போய் இசாங் யுன்னிடம் இசையமைப்பு படித்தார். 1983 முதல் 1986 வரை ஃப்ரைபுர்க்கில் கிளாவுஸ் ஹூபரிடமும் பிரையன் ஃபெர்னிஹோவிடமும். இதில் நின்று பேச வேண்டிய இடம் இரண்டுதான். கொரியரான யுன், ஒரே ஒரு நீண்ட சுரத்தை எடுத்து, அதை வளைத்தும் நடுங்கவைத்தும் இசையை வளர்த்தவர். ஹூபரோ, ஜெர்மனிக்குப் படிக்க வந்த ஜப்பானிய மாணவனை அவனுடைய மரபிசையின் பக்கமே திருப்பிவிட்டவர். ஹோசோகாவாவின் எந்தப் படைப்பைப் பற்றிக் கேட்டாலும் பதில் இந்த இரண்டில் ஒன்றில் போய் முட்டும்.

அப்புறம் ஷோ. இதை மட்டும் ஒழுங்காகப் படித்தால் போதும் என்றே சொல்வேன். ஜப்பானிய அரசவை இசையான ககாகுவின் வாய்க்கருவி அது. இரு கைக்குள் அடங்கும் கொத்தாக 17 மூங்கில் குழல்கள், ஒலிப்பவை 15. ஊதினாலும் ஒலிக்கும், மூச்சை இழுத்தாலும் ஒலிக்கும். எனவே ஒலி அறுபடாது. மெல்லத் தடித்து மெல்ல மெலியும். மூச்சின் ஈரம் உள்ளே உலோக நாக்குகளில் படிந்தால் சுருதி கெட்டுவிடும் என்பதால், வாசிப்பவர் பக்கத்தில் கணப்பை வைத்துக்கொண்டு கருவியை அதன்மேல் காட்டிச் சூடாக்கிக்கொண்டே இருப்பார். இதைத் தம்பூரா என்று சொல்லி விளக்கப் பார்க்காதீர்கள். ஷோவின் சுரக்கூட்டு மெட்டோடு மாறிக்கொண்டே போகும்.

ஷோவுக்கும் தந்தி நால்வர் குழுவுக்குமாக 1993இல் எழுதிய 'லேண்ட்ஸ்கேப் 5'ஐ முதலில் கேளுங்கள். ஒரு கிராஃப் தாளை எடுங்கள். ஒரே ஒரு ஒலி எங்கே தொடங்குகிறது, எங்கே தடிக்கிறது, எப்போது காணாமல் போகிறது, பிறகு எவ்வளவு நேரம் நிசப்தம் என்று கோடாக வரையுங்கள். தன் இசையைத் தூரிகை எழுத்தோடு ஒப்பிடுபவர் ஹோசோகாவா: தூரிகை தாளைத் தொடும் முன்பே காற்றில் அசைவு தொடங்கிவிடுகிறது, தாளை விட்டு எழுந்த பிறகும் தொடர்கிறது. நிசப்தத்தையும் சேர்த்து வரைந்தால்தான் இது புரியும். வைவாவில் முன்பின் கேட்காத ஒரு துண்டை ஒலிக்கவிட்டபோது, அந்தக் கோட்டை மனதில் வரைந்தபடியே பேசினேன். மற்ற கேள்விகள் தாமாக இலகுவாயின.

ஓபராக்கள், சுருக்கமாக (முதலில் அரங்கேறிய ஆண்டும் ஊரும்):

- ஹான்ஜோ, 2004, எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ். ஜப்பானிய மரபு நாடக வடிவமான நோவை நவீனமாக்கி எழுத்தாளர் மிஷிமா எழுதிய நாடகம்.
- மாட்சுகாஸே, 2011, ப்ரஸ்ஸல்ஸ். இயக்கமும் நடன அமைப்பும் சாஷா வால்ட்ஸ்.
- ஷ்டில்லஸ் மேர், 2016, ஹாம்பர்க். ஃபுகுஷிமா பேரழிவுக்குப் பிறகு மகனை இழந்த தாய்.

ஒன்றை மட்டும் ஆழமாகப் படிப்பதென்றால் மாட்சுகாஸே. சூமா கடற்கரையில் உப்பு நீர் சுமந்த இரண்டு சகோதரிகள், இறந்த பிறகும் பிரிந்துபோன காதலனை விட முடியாமல் அலைகிறார்கள். நிசப்தத்திலிருந்து எழுந்து நிசப்தத்துக்கே திரும்பும் ஒலி என்பது இந்தக் கதையில் வெறும் உத்தி இல்லை. அந்தப் பெண்களே அப்படித்தான் வந்து போகிறார்கள்.

ஹிரோஷிமா கேள்வி கட்டாயம் வரும். ஊரைச் சொல்லி எல்லாப் படைப்பையும் அணுகுண்டுக்குள் அடைத்துவிடாதீர்கள், அது அவருக்குச் செய்யும் அநியாயம். 'வாய்ஸ்லெஸ் வாய்ஸ் இன் ஹிரோஷிமா'வை மட்டும் எடுத்துப் பேசுங்கள். 1989இல் ஹிரோஷிமா ரெக்வியமாக (ரெக்வியம் என்றால் இறந்தோருக்கான வழிபாட்டு இசை) தொடங்கி, பிறகு விரிந்த படைப்பு. அதில் ஜெர்மன் மொழிக் கவிஞர் பால் செலானின் வரிகளும் ஜப்பானிய ஹைக்கூ கவிஞர் பாஷோவின் வரிகளும் வருகின்றன. குண்டிலிருந்து பருவங்களை நோக்கி அது எப்படி நகர்கிறது என்று காட்டினாலே போதும்.

குரூப் ஸ்டடி இந்தத் தலைப்புக்கு ஆகாது என்பது என் கட்சி. வீடு அடங்கியபின் தனியாகக் கேளுங்கள். பகல் சத்தத்தில் இவருடைய பாதி இசை காதிலேயே விழாது. யூடியூபில் கேட்பதானால் ஹெட்ஃபோன் கட்டாயம்.

2006இல் மொஸார்ட்டுக்கு அஞ்சலியாக எழுதிய பியானோ கான்செர்டோ 'லோட்டஸ் அண்டர் த மூன்லைட்'டையும் விட்டுவிடாதீர்கள். பியானோ தாமரை, ஆர்கெஸ்ட்ரா அதைச் சூழ்ந்த நீரும் வானும். முடிவை நெருங்கும்போது மொஸார்ட்டின் ஏ மேஜர் பியானோ கான்செர்டோவின் (அவர் படைப்புப் பட்டியலில் கோஷெல் எண் 488) மெதுவான பகுதி லேசாகத் தலைகாட்டும். அந்த இடத்தை ஸ்கோரில் குறித்துவைத்துக்கொண்டு போங்கள், என்னிடம் கேட்டார்கள்.