போனால் போகட்டும், முதல் 11 பக்கம்

நாடகம் எழுதிப் பழக ஐந்து பேர் வாரம் ஒரு முறை கூடினோம். எங்களிடம் இருந்த கண்டிப்பான விதி ஒன்றுதான்: எழுதியவர் தன் வசனத்தைத் தானே வாசிக்கக் கூடாது; வாசிப்பு முடியும்வரை வாயும் திறக்கக் கூடாது.

அப்பாவின் மறைவுக்குப் பின் வீட்டை விற்பதா என்று அண்ணனும் தங்கையும் மோதுவதுதான் என் கதை. அண்ணன் வருகை, பழைய நினைவுகள், கடன் கணக்கு என்று 11 பக்கம் எழுதிப்போயிருந்தேன். பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்பது மேடையில் உத்தேசக் கணக்கு. ஆக, 11 நிமிடமும் வெறும் தகவல். தங்கையாக வாசித்த நண்பர் ஒரு நீண்ட வாக்கியத்தின் நடுவில் மூச்சு வாங்கினார். முடித்ததும் தாளைக் கீழே வைத்து, "இவள் ஏன் எழுந்து போகாமல் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறாள்?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

பண்டைய கிரேக்க நாடகாசிரியர் சோபக்ளீஸின் ஈடிபஸ் நாடகத்தில், ஈடிபஸ் தன் தந்தையென அறியாமல் செய்த கொலையும் தாயென அறியாமல் செய்த திருமணமும் நாடகம் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே நடந்து முடிந்தவை. நாம் பார்ப்பது உண்மை வெளிப்படும் நாளை மட்டுமே. இது எனக்குத் தெரிந்த செய்திதான். எழுத உட்கார்ந்தபோது மறந்திருந்தது.

மறுவாரம் பத்திரமும் பேனாவும் மேசைமேல் இருக்கும் நிலையில் தொடங்கினேன். அண்ணனுக்குக் கையெழுத்து வேண்டும். கடைசி நாட்களில் அப்பாவைப் பார்க்க அவன் ஏன் வரவில்லை என்று தங்கைக்குத் தெரிய வேண்டும். அவள் பேனா மூடியைத் திறக்கிறாள், மூடுகிறாள். பழைய நினைவுகளில் எட்டு வரி மட்டும் தப்பின, சண்டையில் எடுத்து வீசத் தோதாக இருந்ததால்.

மூன்று அங்கமா ஐந்தா என்ற விவாதத்தில் நாங்கள் இரண்டு வாரம் தொலைத்தோம். நீங்கள் தொலைக்க வேண்டாம். ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு சீட்டு எடுத்து, யாருக்கு என்ன வேண்டும், காட்சி முடிவில் எது மாறியது என்று மட்டும் எழுதுங்கள். எதுவும் மாறாத காட்சியைப் பக்கத்துக் காட்சியோடு சேர்த்துவிடலாம்.

சக நாடகாசிரியர்களிடம் ஒரு தொல்லை உண்டு: உங்கள் நாடகத்தைத் தங்கள் நாடகமாக்கப் பார்ப்பார்கள். எங்களில் ஒருவர் எல்லார் கதையிலும் யாரையாவது சாகடிக்கச் சொல்வார். எங்கே சலித்தது என்று அவர்கள் சொல்வதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். அதற்கான மருந்தை நீங்களே தேடுங்கள்.

இரண்டாம் வாசிப்பில் அதே நண்பர், பேனா மூடும் இடத்தில் நான் எழுதாத ஓர் இடைவெளி விட்டார். அண்ணனாக வாசித்தவரும் காத்திருந்தார். அடுத்து இருந்த மூன்று வரி வசனத்தை அன்றிரவே அடித்து நீக்கினேன்.