கோத்தகிரியில உக்காந்து கதை எழுதப் போறவங்களுக்கு

"அக்கா, கதை எழுதணும்னு ஆசையா இருக்கு, ஆனா நம்ம ஊர்ல எழுதறதுக்கு என்ன இருக்கு?" இந்தக் கேள்வியை மட்டும் நான் நிறைய தடவை கேட்டுட்டேன். இன்னும் சில பேர் எந்த ஆப்ல டைப் பண்றது, எங்க போடறது, இதுல காசு வருமான்னு கேக்கறாங்க. அதுக்கெல்லாம் பதில் சுலபம், கீழ சொல்றேன். முதல் கேள்விதான் எனக்கு முக்கியம், அதனால அதுலயே ஆரம்பிக்கறேன், கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்குங்க.

ஊட்டி, குன்னூர்னு பேர் வர்ற கதைகளை எடுத்துப் பாருங்க. மேகம், பங்களா, தேனிலவு, ஏரி, ரோஜாத் தோட்டம், நடு ராத்திரியில ஒரு அலறல். ரெண்டு நாள் ரூம் போட்டுத் தங்கிட்டுப் போறவங்க கண்ணுக்குத் தெரியற மலை அது. அந்தக் கதையில நம்ம ஆளுங்க வந்தா வாட்ச்மேனா வருவாங்க, இல்ல டிரைவரா வருவாங்க, பேர் கூட இருக்காது. இதுல எனக்கு வருத்தம் என்னன்னா, இங்கயே பொறந்து வளந்த புள்ளைங்க எழுதி எனக்கு அனுப்பற கதையும் அப்படித்தான் இருக்கு. அம்மா தேயிலைத் தோட்டத்துல இலை எடுக்கறாங்க, அப்பா ஃபேக்டரியில நைட் ஷிஃப்ட், ஆனா கதை மட்டும் சென்னையில ஒரு ஐ.டி. கம்பெனி கேன்டீன்ல நடக்குது. கதைன்னா அது வெளியூர்லதான் நடக்கும்னு யாரோ நம்ம மனசுல போட்டு வச்சுட்டாங்க.

சாயங்காலம் இலை வண்டி வந்து நிக்கற இடத்தைப் போய் ஒரு தடவை நிதானமாப் பாருங்க. நீங்க தினமும் தாண்டிப் போற இடம்தான். சாக்கைத் தூக்கிக் கொக்கியில மாட்டுவாங்க, எடை பாக்கறவர் நம்பரை வாய்விட்டுச் சொல்லுவார், நோட்டுல எழுதும்போது சாக்குக்குன்னு கொஞ்சம் கழிப்பார், ஈரத்துக்குன்னு இன்னும் கொஞ்சம். "ஏண்ணா, காலையில இருந்து வெயில் தானே, எதுக்கு ஈரம்?"னு ஒரு அக்கா கேப்பாங்க. அவர் பதில் சொல்லாம அடுத்த சாக்குக்குக் கை நீட்டுவார். பக்கத்துல நிக்கற இன்னொருத்தர் முந்தானையில கையைத் துடைச்சுக்கிட்டே அந்த நோட்டையே பாப்பாங்க, எட்டிப் பாக்க மாட்டாங்க, நின்ன இடத்துல இருந்தே பாப்பாங்க. விரல் நுனியெல்லாம் கறை ஏறிக் கறுத்திருக்கும். சொந்தமா அரை ஏக்கர் வச்சிருக்கறவங்களுக்கும் இன்னைக்குக் குடுத்த இலைக்கு என்ன விலைன்னு மாசம் முடிஞ்சப்புறம்தான் தெரியும். இதுக்கு மேல ஒரு கதைக்கு என்ன வேணும் சொல்லுங்க. யாருக்கு யார் மேல கோவம், யார் அதை வெளிய காட்ட முடியாம நிக்கறாங்க, எல்லாம் அந்தப் பத்து நிமிஷத்துலயே இருக்கு. "ஏழைத் தொழிலாளிகள் சோகமாக நின்றிருந்தனர்"னு ஒரே வரியில எழுதிட்டுப் போனா அந்த நோட்டு போயிடும், கழிச்ச அரைக் கிலோ போயிடும், பதில் சொல்லாத அந்த ஆளும் போயிடுவார்.

அதனால நான் சொல்ற முதல் பயிற்சி இதுதான். ஒரு இடம், ஒரு பொழுது, அங்க இருக்கற ரெண்டு பேர். ஒரு பக்கம் எழுதுங்க. சோகம், மகிழ்ச்சி, அழகு மாதிரி வார்த்தை எதுவும் இல்லாம எழுதுங்க. கை என்ன பண்ணுச்சு, என்ன பேசினாங்க, எதைப் பேசாம விட்டாங்க, அவ்வளவுதான். நாவல் பத்தி யோசனையே இப்ப வேணாம், ஏன்னா நாவல் ஆரம்பிச்சு மூணாவது அத்தியாயத்துல நின்னு போனவங்கதான் அதிகம். சின்னதா ஒண்ணை ஆரம்பிச்சு முழுசா முடிக்கறப்போ கிடைக்கற தெம்பு பெரிசு.

ரெண்டாவது, தப்பில்லாம எழுதணும். கற்பனைதானேன்னு விட்டுடக் கூடாது, மலையைத் தெரிஞ்சவன் படிச்சா ஒரே வரியில வெளிய போயிடுவான். மழையையே எடுத்துக்குங்க. கூடலூர், அவலாஞ்சி பக்கம் தென்மேற்குப் பருவமழைதான் கொட்டும், 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல பெஞ்சுது. குன்னூர், கோத்தகிரிக்குப் பெரிய மழை அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும், வடகிழக்குப் பருவமழை. அத்தனை உயிரைக் கொண்டுபோன அந்த மண்சரிவு 2009 நவம்பர்ல தான் நடந்துச்சு. கதையில ஜூன் மாசம் கோத்தகிரியில மண் சரியுதுன்னு எழுதுனா இங்க இருக்கறவங்களுக்கு உறுத்தும். உறைபனியும் அப்படித்தான், அது டிசம்பர், ஜனவரியில பள்ளமான இடத்துல விழும், ஊட்டிகிட்ட இருக்கற தலைகுந்தா, காந்தல் பக்கம் விடிகாலையில புல்லெல்லாம் வெள்ளையா இருக்கும். பாக்கறவங்க போட்டோ எடுப்பாங்க, ஆனா தோட்டக்காரருக்கு அன்னைக்கு வயித்துல நெருப்பு, வெயில் ஏறுனா தேயிலைக் கொழுந்து கருகிடும், காய்கறி போட்டவங்க சூரியன் வர்றதுக்கு முன்னாடியே எந்திரிச்சுத் தண்ணி அடிச்சுப் பனியைக் கழுவி விடுவாங்க. ஒரே வெள்ளைப் புல்லுதான், ரெண்டு பேருக்கு ரெண்டு கதை.

ரயில் வச்சு எழுதறவங்களுக்கு ஒரு வார்த்தை. மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் வரைக்கும் 1899ல வந்துச்சு, ஊட்டிக்கு 1908ல. பல்சக்கரத் தண்டவாளம் கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும்தான், குன்னூர்ல இன்ஜின் மாத்துவாங்க, அதுக்கு மேல டீசல். மேல ஏறும்போது மணிக்குப் பத்து கிலோமீட்டர் போனாலே பெரிசு, அதனால வில்லன் ரயில்ல ஏறித் தப்பிச்சான்னு வச்சா, பின்னாடி ஓடியே புடிச்சிடலாம். இந்தக் காலத்துக் கதைன்னா வெளியூர் கார் மேல வர்றதுக்கு இ-பாஸ் எடுக்கணும், அது 2024 மே மாசத்துல இருந்து இருக்கு. இதெல்லாம் கதையில அப்படியே கொட்டச் சொல்லல. உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா போதும், எழுத்துல தானா ஒரு நிதானம் வந்துடும்.

பழைய காலத்தை எழுதப் போறீங்கன்னா, கிரிக் எழுதுன நீலகிரி மாவட்ட மேனுவல் 1880ல வந்தது, ஃபிரான்சிஸ் எழுதுன கெசட்டியர் 1908. காப்பிரைட் காலம் எப்பவோ முடிஞ்சிடுச்சு, ஆர்க்கைவ் தளத்துல தேடிப் பாருங்க, காசு குடுக்க வேண்டியதில்ல. எந்த ரோடு எப்ப போட்டாங்க, காப்பி எப்ப வந்துச்சு, மலேரியா மருந்துக்கான சிங்கோனா மரம் எங்க நட்டாங்க எல்லாம் கிடைக்கும். ஆனா அது வெள்ளைக்கார அதிகாரிங்க மேல இருந்து பாத்து எழுதுனது, அதை ஞாபகம் வச்சுக்கிட்டுப் படிங்க. ஊட்டிக்குப் பக்கத்துல முத்தோரை பாலாடாவுல பழங்குடியினர் ஆய்வு மையம் இருக்கு, மியூசியமும் இருக்கு, ஒரு நாள் போயிட்டு வாங்க.

இதோட சேர்த்து ஒண்ணு சொல்லியே ஆகணும். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர்னு நம்ம மாவட்டத்துல ஆறு பழங்குடி சமூகம் இருக்காங்க. கதைக்கு அழகு சேக்கறதுக்காக அவங்களை நிறுத்தி வைக்காதீங்க. குறும்பர் வந்தாலே மந்திரம், இருளர் வந்தாலே பாம்புன்னு எழுதி எழுதி அலுத்துப் போச்சு. அந்த வீட்டுல ஒருத்தர்கிட்ட உக்காந்து பேசிட்டு, எழுதலாமான்னு கேட்டுட்டு, எழுதுனதை அவங்களுக்கே படிச்சுக் காமிங்க. அப்படிச் செய்ய நேரமில்லைன்னா வேற கதை எழுதுங்க. இதுல நான் விட்டுக் குடுக்க மாட்டேன்.

வெளிய இருந்து வந்தவங்களால முடியாதுன்னு நான் சொல்ல வரல. ராஜம் கிருஷ்ணன் பொறந்தது முசிறியில, ஆனா நம்ம மலையில வாழற படகர் சமூகத்தோட வாழ்க்கையை வச்சுக் குறிஞ்சித் தேன் நாவல் எழுதுனது அவங்கதான், அறுபது வருஷத்துக்கு முன்னாடியே. உப்பளமோ மீனவர் குப்பமோ, நேர்ல போய்ப் பாத்து, ஜனங்ககிட்ட பேசி எழுதறது அவங்க வழக்கம். எங்கயோ இருந்து வந்த ஒருத்தர் அவ்வளவு மெனக்கெட்டிருக்காங்கன்னா இங்கயே இருக்கற நமக்கு என்ன கொறச்சல்? அவங்க புத்தகங்களை 2009ல அரசு நாட்டுடைமை ஆக்கிடுச்சு, அதனால தாராளமா இணையத்துல படிக்கலாம். புதுமைப்பித்தனும் அப்படித்தான், 2002ல ஆச்சு. நாட்டுடைமை ஆன நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட நூலகத்தைப் பாருங்க, 1998ல இருந்து நடக்கற மதுரைத் திட்டத்தையும் பாருங்க. புதுசா எழுதறவங்களைப் படிக்க சொல்வனம் மாதிரி இணைய இதழ் இருக்கு. ஊர்க் கிளை நூலகத்துல உறுப்பினர் ஆகறதுக்கு ஆகற செலவு ஒரு டீ பன் செலவு மாதிரிதான், அதையும் விடாதீங்க, அங்க மாசப் பத்திரிகைகள் பழைய இதழ் கட்டுக்கட்டா இருக்கும்.

பேச்சு எழுதறதுதான் நம்ம ஊர்ல கஷ்டம், அதேசமயம் அதுதான் நம்ம சொத்து. கடைத்தெருவுல கோயமுத்தூர்த் தமிழ் கேக்கும், படகர் வீட்டுக்குள்ள அவங்க மொழியான படகு பேசுவாங்க, கூடலூர் போனா பாதி மலையாளம். எங்க பாட்டி இலங்கையில இருந்து வந்தவங்க, அங்க இருந்த இந்திய வம்சாவளித் தோட்டக்காரங்களைத் திருப்பி அனுப்ப சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தம் 1964ல போட்டாங்கல்ல, அதுல வந்த குடும்பம். தோட்டத்துல வேலை செய்யறவங்க இருக்கற வரிசை வீட்டை அவங்க கடைசி வரைக்கும் லயம்னுதான் சொன்னாங்க, இங்க எல்லாரும் லைன் வீடும்பாங்க. அந்த மாதிரி ஆளுங்க பேசறதை எல்லாம் ஒரே மாதிரி ஆக்கிடாதீங்க. பெரியவங்க இன்னும் இருக்காங்க, கப்பல்ல வந்தது, வந்ததும் தங்க வச்ச மண்டபம் கேம்ப், முதல் குளிர்காலம்னு கேட்டா சொல்லுவாங்க. அனுமதி வாங்கிட்டு போன்ல ரெக்கார்ட் பண்ணிக்குங்க. இன்னும் கொஞ்ச வருஷம் போனா கேக்கறதுக்கு ஆள் இருக்காது, அதனால கதை எழுதறீங்களோ இல்லையோ இதை மட்டுமாவது செஞ்சிடுங்க.

இப்ப டைப்பிங். லேப்டாப் வேணும்னு காத்திருக்காதீங்க, போன் போதும். தமிழ்ல டைப் பண்ற ஆப் ஜிபோர்டு இல்ல செல்லினம் போட்டுக்குங்க. குரல்ல சொல்லி எழுத வைக்கறதும் வேலை செய்யுது, ஆனா நம்ம பேச்சுத் தமிழை அது அதுக்குத் தெரிஞ்ச மாதிரி மாத்திடும், அதனால குறிப்பு எடுக்க மட்டும் வச்சுக்குங்க. நிறைய எழுதப் போறீங்கன்னா தமிழ் 99ங்கற கீபோர்டு முறையைக் கத்துக்குங்க, நான் இதை எல்லார்கிட்டயும் சொல்றேன். உயிரெழுத்து இடது கையில, மெய் வலது கையில, 'க' ரெண்டு தடவை தட்டினா 'க்க' தானா வரும், புள்ளி வைக்கற வேலையே பாதி கொறஞ்சிடும். விண்டோஸ்லயே இருக்கு, தனியா எதுவும் வாங்க வேண்டாம். கைக்குப் பழகற வரைக்கும் எரிச்சலா இருக்கும், அதைத் தாண்டிடுங்க. எப்பவும் எல்லா கம்ப்யூட்டர்லயும் போன்லயும் சரியாத் தெரியற யுனிகோட்லயே எழுதுங்க, பழைய பாமினி ஃபான்ட்ல டி.டி.பி. சென்டர்ல அடிச்சு வச்சா அடுத்த கம்ப்யூட்டர்ல வெறும் கிறுக்கலாத்தான் தெரியும். டவர் கிடைக்காத பள்ளத்துல வீடுன்னா ஆஃப்லைன்ல எழுதிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் டிரைவ்ல ஏத்திடுங்க.

சொல்லுக்கு அர்த்தம் பாக்க க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி ஒண்ணு வீட்டுல இருக்கணும், விலை கூடத்தான், ஆனா ஒரு தடவை வாங்குனா போதும். சென்னைப் பல்கலைக்கழக அகராதி இணையத்துல இலவசமாவே இருக்கு.

பிளாக் ஆரம்பிக்கறவங்களுக்கு பிளாகர் இல்ல வேர்ட்பிரஸ், ரெண்டுல எதா இருந்தாலும் சரி, டிசைனுக்கு ஒரு மாசம் செலவு பண்ணாதீங்க. கதை மட்டும் போடணும்னு இல்ல. தேயிலைச் செடிக்குக் கவாத்து எப்ப வெட்டறது, படகர்களோட ஹெத்தை ஹப்பா திருவிழா எப்படி நடக்கும், கோடநாட்டுக்கு பஸ் எத்தனை மணிக்கு, உங்க ஸ்கூல்ல மழைக்கு எத்தனை நாள் லீவ் விட்டாங்க, இதெல்லாம் தமிழ்ல தேடுனா ஒழுங்கா ஒண்ணும் கிடைக்கறதில்ல. நீங்க எழுதுனா யாராவது தேடி வருவாங்க. தேதி போடுங்க, சொந்தப் போட்டோ போடுங்க. காசு பத்திக் கேட்டீங்கல்ல, பிளாக்ல விளம்பரம் போட்டுக் காசு தர்ற கூகுள் ஆட்சென்ஸ் 2018ல இருந்து தமிழுக்கு உண்டு, ஆனா அதை நம்பி வீட்டு வாடகை கட்ட முடியாது. பிரதிலிபி மாதிரி இடத்துல தொடர்கதை போட்டா படிக்க ஆள் சீக்கிரம் கிடைப்பாங்க, கூடவே தினம் ஒரு பாகம் போடுங்கன்னு நெருக்கடியும் வரும். அந்த நெருக்கடியில எழுத்து தளர்றதை நான் நிறைய பேர்கிட்ட பாத்துட்டேன். முழுசா எழுதி முடிச்சுட்டு அப்புறம் பாகம் பாகமாப் போடுங்க.

இதழுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி அந்த இதழை நாலு மாசமாவது படிச்சிருங்க. ஒரே கதையை ஒரே நேரத்துல ரெண்டு இடத்துக்கு அனுப்பாதீங்க. எழுதி முடிச்சதும் அனுப்பாம கொஞ்ச நாள் எடுத்து வச்சுட்டு, அப்புறம் வாய்விட்டுப் படிச்சுப் பாருங்க, எங்க நாக்கு தடுக்குதோ அங்க வரி சரியில்லன்னு அர்த்தம்.

புத்தகம் போடறது பத்தி. எங்க ஊர்ல ஒரு அண்ணன், கையில இருந்த காசைப் பூரா ஒரு பதிப்பகத்துல குடுத்து கவிதைப் புத்தகம் போட்டார், அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியா இன்னும் வீட்டுப் பரண்ல இருக்கு, கடைக்கு ஒரு காப்பி போகல. புத்தகத்தோட அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். நம்பருக்கு மட்டும் தனியா பணம் வாங்கியிருக்காங்க. நம்ம நாட்டுல அந்த நம்பர் இலவசம், நீங்களே விண்ணப்பிக்கலாம். காப்பிரைட்டும் எழுதுன நிமிஷத்துல இருந்து உங்களுடையதுதான், பதிவு பண்ணினாத்தான் உண்டுன்னு இல்ல, 1957 சட்டப்படி உங்க ஆயுசுக்கும் அதுக்கப்புறம் 60 வருஷத்துக்கும் உண்டு. அச்சுல போட ஆள் கிடைக்கலைன்னா கிண்டில்ல நீங்களே தமிழ்ல மின்னூல் போடலாம், கைக்காசு போட வேண்டியதில்ல. பதிப்பகம் கிடைச்சு ஒப்பந்தம்னு ஒரு பேப்பர் நீட்டுனா சந்தோஷத்துல உடனே கையெழுத்துப் போடாதீங்க. எத்தனை காப்பி அடிக்கறாங்க, ராயல்டி எத்தனை சதவீதம், மின்னூல் உரிமை, ஆடியோ உரிமை, சினிமா உரிமை யார்கிட்ட, எத்தனை வருஷத்துக்கு, எல்லாம் அதுல வரியா இருக்கணும். இல்லைன்னா எழுதித் தரச் சொல்லிக் கேளுங்க, எழுதித் தர மாட்டேன்னா அந்தப் புத்தகத்தைத் திருப்பி வாங்கிட்டு வேற இடம் பாருங்க.