கிழ எருதுக்குத் தொண்ணூறு நாள்

பிப்ரவரி 4, 2025, செவ்வாய்

விடிகாலை மூன்றரைக்கே மாமா பிக்கப்பைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டார். குடியாத்தத்திலிருந்து பள்ளிகொண்டா போய், நெடுஞ்சாலை பிடித்துப் பொய்கை மாட்டுச்சந்தை சேர்ந்தபோது இன்னும் இருட்டுதான். சந்தை விழித்துக்கொண்டு வெகுநேரம் ஆகியிருந்தது. சாணி, வைக்கோல், பீடிப் புகை, டீ எல்லாம் கலந்த அந்த வாசனை எனக்குச் சின்ன வயசிலிருந்தே பழக்கம். ஆனால் வாங்குகிறவனாக இன்றைக்குத்தான் முதல் முறை போகிறேன்.

போன மாதம் அம்மாவின் மெஸ்ஸில் ஒரு பெரியவர் சாப்பிட்டு எழுந்திருக்கும்போது சொன்னார்: “குழம்பு அமிர்தம்மா. கறியை மெல்லத்தான் எனக்குப் பல்லு இல்ல.” அவர் குறையாகச் சொல்லவில்லை. ஆனாலும் அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. இருபத்திரண்டு வருஷமாக அந்த அடுப்படியில் நிற்கிறவர். மசாலாவில் குறை இல்லை, கைப்பக்குவத்தில் குறை இல்லை. அப்படியானால் குறை கறியில்தான். மாட்டுக்கறி எங்கிருந்து வருகிறது, வரும் வழியில் அதற்கு என்னென்ன நடக்கிறது என்று முழுசாகப் பார்த்துவிட அன்றைக்கே முடிவு செய்தேன். பார்ப்பதை இங்கே தேதி போட்டு எழுதி வைக்கிறேன்.

நாம் வெட்டுவது இளம் மாடு இல்லை. தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து வயது தாண்டி, உழவுக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாத மாடு என்றோ, இனித் தேறாதபடி ஊனப்பட்டது என்றோ சான்று கிடைத்தால்தான் வெட்டலாம். எருமைக்கும் அதே விதிதான். ஆக, நம் அடுப்புக்கு வருவது காலமெல்லாம் ஏரும் வண்டியும் இழுத்து ஓய்ந்த உடம்பு.

மாமா ஒரு வெள்ளை எருதின் முன்னால் நின்றார். “இன்னாடா பாக்கிற, வாயைத் தொறந்து பாரு.” உதட்டை விலக்கினேன். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது, கீழே எட்டுதான். இரண்டு வயசு வாக்கில் முதல் ஜோடி விழுந்து பெரிய பல் முளைக்கும். நாலு வயசுக்கு மேல் எட்டும் சேர்ந்துவிடும். அதன் பிறகு தேய்மானத்தை வைத்துத்தான் வயசு சொல்ல வேண்டும். இதன் வாயில் எட்டும் முளைக்குச்சி மாதிரி தேய்ந்து, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு நின்றன. விலா எலும்பை எண்ணிவிடலாம்.

பேரம் துண்டுக்கு அடியில் நடந்தது. மாமாவும் தரகரும் விரலைப் பிடித்துப் பிடித்து விட்டார்கள். எனக்குத் தெரிந்தது இருவர் முகமும்தான். 28,000க்கு முடிந்தது. விற்ற தாத்தா தன் கயிற்றை அவிழ்த்து மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, எருதின் நெற்றியை ஒருமுறை தடவிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

வெளியே வரும்போது ஒரு லாரி. 1978ஆம் ஆண்டு விதிப்படி ஒரு சரக்கு லாரியில் ஆறு மாட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது, மாடுகளின் முகம் என்ஜின் பக்கம் இருக்க வேண்டும். அந்த லாரியில் நான் பதினான்கு வரை எண்ணினேன். ஒன்றின் வால் முறுக்கி ஒடிக்கப்பட்டிருந்தது. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. மாமா ஒன்றும் பேசவில்லை. எங்கள் எருதுக்குக் கீழே இன்னும் கொஞ்சம் வைக்கோல் பரப்பிவிட்டு வண்டியை மெதுவாக எடுத்தார்.

பிப்ரவரி 5, புதன்

எடை மேடை இல்லாத இடத்தில் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு 62 அங்குலம். தோள் முனையிலிருந்து பிட்டத்தின் முனை வரை நீளம் 52. சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 660ஆல் வகுத்தால் கிலோ வரும். 303. கால்நடை டாக்டர் சார் வந்து குடற்புழு மருந்து கொடுத்தார். வயல் ஓரமும் குட்டை ஓரமும் மேய்ந்த மாட்டுக்கு நத்தை வழியாக ஈரலில் தட்டைப்புழு ஏறியிருக்கும் என்றார். கடையில் சில நாள் ஈரலை வெட்டியதும் தூக்கிப் போடுகிறோமே, அதற்குக் காரணம் இதுதான்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பேரணாம்பட்டுக்கு வெளியே பாய் ஒருவர், கொட்டகை போட்டு, ஓய்ந்த எருதுகளை வாங்கி மூன்று மாதம் வைத்திருந்து விற்கிறார். மாமாவுக்கு முப்பது வருஷப் பழக்கம். வெளிநாட்டில் இதற்கு ஆயிரக்கணக்கில் மாடு அடைக்கிற பட்டிகள் உண்டு. இங்கே இருபத்தாறு மாடு, ஒரு வேப்பமரம், இரண்டு தண்ணீர்த்தொட்டி. பாய் இதைத் ‘தேத்துறது’ என்கிறார். எனக்கும் இதைவிட நல்ல சொல் கிடைக்கவில்லை.

“மாடு கெழமாயிடுச்சுன்னு வித்துடறாங்க தம்பி. பாதி மாடு கெழம் இல்ல, பசி.”

எப்படி என்று கேட்டேன். ஒரு மாட்டின் கன்னத்தை வெளியிலிருந்தே அமுக்கிக் காட்டினார். கடைவாய்ப் பல் ஒழுங்கில்லாமல் தேய்ந்து, ஓரம் கத்தி மாதிரி நிற்கிறது. மெல்லும்போதெல்லாம் கன்னத்தின் உட்பக்கம் கிழிகிறது. வைக்கோலைப் பாதி மென்று துப்பிவிடும். தொட்டி நிறைய தீனி இருந்தாலும் மாடு பட்டினிதான். டாக்டரை வரவழைத்து அரம் போட்டுப் பல்லைச் சமன் செய்கிறார். அதோடு எதையும் முழுசாகப் போடுவதில்லை. வைக்கோலும் வேர்க்கடலைக் கொடியும் விரல்கடை நீளத்துக்கு நறுக்கியது, கடலைப் பிண்ணாக்கு இரவே ஊறவைத்தது, தவிடு, மக்காச்சோளக் குருணை, ஒரு கைப்பிடி தாது உப்பு.

வைக்கோலில் சத்து ஏற்ற யூரியா வைத்தியமும் செய்கிறார். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் தண்ணீரில் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து, மிதித்து, தார்ப்பாய் போட்டு மூச்சு விடாமல் மூடி 21 நாள். ஒரு குவியலை எனக்காகத் திறந்தார். கண்ணைக் கரித்துக்கொண்டு வந்தது நெடி. வைக்கோல் தேன் நிறத்தில், தொட்டால் துவள்கிறது. உடனே போடக் கூடாது, கொஞ்ச நேரம் காற்றாட விட வேண்டும். கன்றுக்குட்டிக்குப் பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது.

பாய் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்று: அவசரப்பட்டுத் தானியம் போடாதே. வந்த மாட்டுக்கு இரண்டு மூன்று வாரம் நாளுக்குக் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும். ஒரேயடியாகப் போட்டால் வயிற்றில் அமிலம் கட்டி மாடு படுத்துவிடும். “பட்டினி கெடந்தவனுக்குக் கஞ்சிதானே மொதல்ல குடுப்பாங்க” என்றார்.

கொட்டகையில் ஒருத்தர் கையிலும் குச்சி இல்லை. வரும்போதுதான் கவனித்தேன்.

பிப்ரவரி 13, வியாழன்

தெலங்கானாவில் ஒரு ஏற்றுமதி ஆலை. அங்கே எருமை மட்டும்தான். நம் நாட்டிலிருந்து பசு, காளை, எருது, கன்று எதன் இறைச்சியும் ஏற்றுமதி செய்ய முடியாது, எலும்பு நீக்கிய எருமைக்கறிதான் போகிறது. தெரிந்தவர் ஒருவர் மூலம் உள்ளே விட்டார்கள்.

பூட்ஸ், தலைவலை, முழங்கை வரை சோப்பு. வெட்டும் இடத்துக்கு முன்னால் ஓய்வுப் பட்டி. வெட்டுவதற்கு முன் மாட்டுக்கு 24 மணி நேரம் ஓய்வு தர வேண்டும், ஒரு மாட்டின் கண் எதிரே இன்னொன்றை வெட்டக் கூடாது, ஒரு டாக்டர் மணிக்கு 12க்கு மேல், நாளைக்கு 96க்கு மேல் பரிசோதிக்கக் கூடாது என்றெல்லாம் 2001ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. சுவரில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள்.

நடைபாதையில் ஒரு எருமை நின்றுவிட்டது. நகரவே இல்லை. ஒரு பையன் கையை ஓங்கினான். வயசான மேஸ்திரி அவனைத் தடுத்துவிட்டு, குனிந்து எருமையின் கண் மட்டத்தில் எட்டிப் பார்த்தார். முன்னால் தரையில் தேங்கிய தண்ணீரில் குழல் விளக்கு பளபளத்தது. ஒரு சாக்கை எடுத்து அதன்மேல் போட்டார். எருமை மூக்கால் சாக்கை முகர்ந்துவிட்டுத் தானாக நடந்தது. அமெரிக்காவில் டெம்பிள் கிராண்டின் என்ற அம்மையார் இப்படி மாட்டின் கண்ணால் பார்த்துத்தான் வெட்டுமிடங்களின் பாதையையே மாற்றி அமைத்தார். தொங்கும் சங்கிலி, நிழல், மினுக்கும் தண்ணீர் எல்லாம் மாட்டுக்குப் பூதம்.

மிரண்ட மாட்டின் கறி ஏன் கெட்டுப்போகிறது என்று தரக்கட்டுப்பாட்டு அறையில் இருந்த தங்கை ஒருவர் விளக்கினார். சதையில் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சத்து சேமிப்பில் இருக்கும். உயிர் போன பிறகு அது அமிலமாக மாறி, ஏழில் இருக்கிற பி.எச். அளவை (அமிலம் கூடினால் இது குறையும்) ஒரு நாளில் ஐந்தரை வாக்கில் இறக்கும். பட்டினி, அடி, நீண்ட பயணம் என்று வந்த மாட்டில் அந்தச் சேமிப்பு முன்பே தீர்ந்திருக்கும். அளவு இறங்காது. கறி கருத்து, பிசுபிசுத்து, சீக்கிரம் கெடும். இங்கே குளிர் அறையில் 24 மணி நேரம் தொங்கவிட்டு, ஒவ்வொன்றிலும் கம்பி குத்தி, ஆறுக்குக் கீழே வந்ததைத்தான் எலும்பு நீக்க அனுப்புகிறார்கள். கோமாரி வைரஸ் அந்த அமிலத்தில் சதைக்குள் பிழைக்காது என்பதும் ஒரு காரணம்.

அப்புறம் அவர் சொன்ன ஒன்றுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. “வெட்டிய சில மணி நேரத்தில் சதை விறைக்க ஆரம்பிக்கும் அண்ணா. அந்த விறைப்பு தளரக் குளிரில் சில நாள் ஆகும். நீங்க எப்போ சமைக்கிறீங்க?”

நாங்கள் விடியற்காலை மூன்று மணிக்கு வெட்டியதைப் பதினோரு மணிக்கு அடுப்பில் ஏற்றுகிறோம். இருபத்திரண்டு வருஷமாக.

பிப்ரவரி 14, வெள்ளி

திரும்பும் ரயில். பள்ளிக்கூட நண்பன் ஆஸ்திரேலியாவில் ஒரு மாட்டுப்பட்டியில் வேலை பார்க்கிறான், போன் பேசினான். அங்கே தானியத் தீனி மாடு என்று முத்திரை குத்தக் குறைந்தது 100 நாள் பட்டியில் வைக்க வேண்டுமாம். வாக்யு என்ற ஜப்பானிய இனமென்றால் ஒரு வருஷத்தையும் தாண்டும். சதைக்குள் கொழுப்பு கோலம் போட்ட மாதிரி ஓடும் என்றான். நம் எருதில் அது வராது. வர வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இல்லை. அவர்கள் காத்திருக்கிறார்களே, அந்தக் காத்திருப்பு மட்டும் போதும்.

பிப்ரவரி 19, புதன்

ஆம்பூரில் ஒரு தோல் மண்டி. மாடு எப்படி வாழ்ந்தது என்று தெரிய வேண்டுமானால் இங்கே வர வேண்டும். உப்பு போட்டு மடித்த தோலை விரித்து, மண்டிக்காரர் விரல் வைத்துக் காட்டினார். இது தார்க்குச்சி, இது சூடு வைத்தது, இது முள்வேலி, இந்தப் பொடி ஓட்டையெல்லாம் உண்ணி, இது உரிக்கும்போது கத்தி பட்டது. பதனிட்டால் ஒன்றும் மறையாது, இன்னும் தெளிவாகத் தெரியும். முதுகில் தழும்பு இல்லாத தோலுக்கு விலையே வேறு. அடிக்காமல் வளர்த்தால் காசு என்பதை யாராவது சந்தையில் போய்ச் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் தாத்தா காலத்தில் இந்தப் பக்கம் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் பதனிட்டார்கள். பிறகு குரோமியம் வந்தது. வேலையும் வந்தது, பாலாற்றங்கரைக் கிணறுகளும் போயின. போன மாதம் 30ஆம் தேதிதான் உச்ச நீதிமன்றம், தோல் ஆலைகள் பாலாற்றைக் கெடுத்ததற்குப் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. மண்டி முழுக்க அதே பேச்சு. என் சித்தி வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் சோறு பொங்க முடியாது. அந்தக் காசு கிணற்றுக்காரர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

மார்ச் 16, ஞாயிறு

பாய் காட்டிய முறையிலேயே தீனி போட்டுத் தேற்றிவருகிறோம். எருது என் காலடிச் சத்தத்துக்கே தலையைத் தூக்குகிறது. விலா எலும்பு மறைய ஆரம்பித்திருக்கிறது.

மே 5, திங்கள்

தொண்ணூறாவது நாள். நேற்று அக்னி நட்சத்திரம் பிறந்துவிட்டது, கொட்டகைக் கூரையில் தென்னங்கீற்று போட்டு ஈரச்சாக்கு பரப்பியிருக்கிறோம். டேப் வைத்தேன். சுற்றளவு 66 அங்குலம், நீளம் அதேதான். கணக்கில் 343 கிலோ. நாற்பது கிலோ ஏறியிருக்கிறது. வெயில் படும்போது முதுகு மினுங்குகிறது. நாளை சாயங்காலம் மாட்டுத்தொட்டிக்கு, அதாவது வெட்டுமிடத்துக்கு, நடத்திக் கூட்டிப்போக வேண்டும். வண்டி வேண்டாம் என்று மாமாவே சொல்லிவிட்டார். இரண்டு கிலோமீட்டர்தான், வெயில் தாழ்ந்த பிறகு நடக்கலாம்.

மே 8, வியாழன்

முந்தாநாள் சாயங்காலம் கூட்டிப்போய், இரண்டு இரவும் ஒரு பகலும் அங்கேயே கட்டி, தண்ணீர் காட்டினோம். இன்று விடியற்காலை முடிந்தது. கயிற்றை நான்தான் பிடித்திருந்தேன். மிரளவில்லை. அதற்கு மேல் எழுத வரவில்லை.

கணக்கு எழுதியாக வேண்டும். தீவனத்துக்கு 9,800 ஆனது. தேற்றாமல் வெட்டியிருந்தால் கிடைத்திருக்கும் கறியைவிட முப்பது கிலோவுக்கு மேல் கூடுதல் என்று மாமா மதிப்பிடுகிறார். தோலுக்கும் கொஞ்சம் கூடக் கிடைத்தது. போட்டது திரும்பியது, பெரிய லாபம் இல்லை.

ஈரல் வழவழவென்று சுத்தமாக இருந்தது. கறி கருக்கவில்லை, செம்பருத்தி நிறம். ஒரு தொடையை இன்றைக்கே குழம்பு வைத்தோம். குக்கரில் ஒன்பது விசில். பழைய கணக்கில் பன்னிரண்டு. இன்னொரு தொடையை, கடையின் விசி கூலரில் (கண்ணாடிக் கதவு வைத்த குளிர்பெட்டி) தட்டுகளைக் கழற்றிவிட்டு, வெள்ளைத் துணி சுற்றித் தொங்கவிட்டிருக்கிறேன். தெர்மாமீட்டர் 2 டிகிரி காட்டுகிறது. அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. “அன்னன்னிக்கு வெட்டினதுதான் கறி. தொங்கவிட்டதை எவன் துன்னுவான்?”

மே 11, ஞாயிறு

மூன்று நாளில் இரண்டு முறை கரண்ட் போனது. இரண்டு முறையும் ஐஸ் வாங்கி வைத்தோம். காலையில் துணியைப் பிரித்தேன். மேலே லேசாகக் காய்ந்து கருத்திருந்ததைச் சீவி எடுத்தால் உள்ளே அதே செம்பருத்தி. அம்மா முகர்ந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அதே மிளகு, அதே சோம்பு, அதே குக்கர்.

ஆறாவது விசிலில் இறக்கச் சொன்னேன். முறைத்துக்கொண்டே இறக்கினார். ஒரு துண்டை எடுத்து இரண்டு விரலால் அழுத்தினார். நார் நாராகப் பிரிந்தது. வயசு வயசுதான், வெண்ணெய் மாதிரி இல்லை. ஆனால் பல்லுக்கு இணங்குகிற கறி. வாயில் போட்டு மென்று, இன்னொரு துண்டும் எடுத்தார்.

மத்தியானம் இலை எடுக்கும்போது கேட்டார்: “அந்தக் கண்ணாடிப் பொட்டி இன்னொண்ணு வாங்கினா இன்னா வெல ஆகும்டா?”