ஹாம்பர்க் எக்ஸ்ரே லேசரில் பீம்டைம் கேட்பவர்களுக்கு

ஹாம்பர்க் நகரின் டேஸி ஆய்வு மைய வளாகத்தில் தொடங்கி ஷெனஃபெல்டு வரை தரைக்கடியில் 3.4 கிலோமீட்டர் ஓடுகிறது யூரோப்பியன் எக்ஸ்எஃப்இஎல் என்ற எக்ஸ்ரே லேசர். 2017 செப்டம்பரிலிருந்து வெளி ஆராய்ச்சியாளர்களுக்கு அதில் சோதனை செய்ய நேரம் (பீம்டைம்) ஒதுக்குகிறார்கள். எந்த நாட்டவரும் கேட்கலாம். முடிவுகளை வெளியிடச் சம்மதித்தால் பீமுக்குக் கட்டணம் கிடையாது. கேட்பவர்கள் அதிகம், நேரம் குறைவு. நல்ல அறிவியல் இருந்தும் ஒரு புரொப்போசல் (நேரம் கேட்கும் விண்ணப்பம்) திரும்பி வருகிறதென்றால், என் கணிப்பில் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: கேட்ட ஷிஃப்ட்டுகளுக்குள் வேலை முடியும் என்று படிப்பவருக்கு நம்பிக்கை வரவில்லை. அந்த நம்பிக்கையை எண்களால் மட்டுமே வரவழைக்க முடியும். இங்கே, அங்குள்ள எஸ்பிபி/எஸ்எஃப்எக்ஸ் கருவியில் புரத நுண்படிகங்களை மெல்லிய திரவ ஜெட்டில் ஓடவிட்டு, தனியாக ஓர் ஒளி லேசரால் தூண்டி, எக்ஸ்ரேயால் படம் பிடிக்கும் சோதனையை எடுத்துக்கொள்கிறேன். மற்ற கருவிகளுக்கு எண்கள் மாறும், கணக்குப் போடும் முறை மாறாது.

புரொப்போசலை மதிப்பிடும் குழு முதலில் கேட்பது, இதை சிங்க்ரோட்ரானில் (எலக்ட்ரான்களை வளையத்தில் ஓடவிட்டு எக்ஸ்ரே எடுக்கும் இயந்திரத்தில்) ஏன் செய்யக்கூடாது என்பதுதான். சிங்க்ரோட்ரானின் எக்ஸ்ரே பல்ஸ் (துடிப்பு) நீளம் சுமார் 100 பிகோவினாடி; ஒரு பிகோவினாடி என்பது வினாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு. உங்கள் வினை மைக்ரோவினாடியிலோ மில்லிவினாடியிலோ நடக்கிறதென்றால், கிரனோபிளில் உள்ள இஎஸ்ஆர்எஃபின் ஐடி29 பீம்லைனுக்குப் போங்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. எக்ஸ்ரே லேசர்தான் வேண்டும் என்பதற்கு மூன்று காரணங்கள் எடுபடும். வினை ஃபெம்டோவினாடி, பிகோவினாடி அளவில் நடக்கலாம். படிகம் சிங்க்ரோட்ரானுக்குப் போதாத அளவு சிறியதாக இருக்கலாம். அல்லது, எக்ஸ்ரே பட்டதுமே உலோக மையம் கெட்டுப்போகலாம். ஒளிச்சேர்க்கைப் புரதமான ஃபோட்டோசிஸ்டம் 2-இன் மாங்கனீசுக் கொத்து இந்த மூன்றாவது வகை. கதிர்ச்சேதம் இல்லாத அதன் அமைப்பு ஜப்பானின் சாக்லா எக்ஸ்ரே லேசரிலிருந்துதான் 2015-இல் வெளிவந்தது. உங்கள் காரணம் எதுவோ அதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள். மூன்றாம் பக்கத்தில் ஒளித்து வைத்தால் அதுவரை படிக்கும் பொறுமை எவருக்கும் இருக்காது.

அடுத்தது, எந்த எக்ஸ்ரே லேசர் என்பது. இதைப் பலர் யோசிப்பதே இல்லை. ஹாம்பர்க்கில் பல்ஸ்கள் வினாடிக்கு 10 கொத்துகளாக வருகின்றன. கொத்துக்குள் பல்ஸ்கள் மைக்ரோவினாடிக்கும் குறைந்த இடைவெளியில் நெருங்கி வரும். அடுத்த கொத்துவரை 100 மில்லிவினாடி மௌனம். வேகமான திரவ ஜெட் இருந்தால் இது பெரும் வரம். சவ்வுப் புரதத்தை லிப்பிட் கூழில் வைத்து மெதுவாகப் பிதுக்குகிறீர்கள் என்றால் நிலைமை வேறு. கூழ் வினாடிக்குச் சில மில்லிமீட்டர்தான் நகரும், ஒரு பல்ஸ் பட்டு வெடித்த இடத்திலேயே அடுத்த பல்ஸும் விழும். எனவே கொத்துக்கு ஒரு பல்ஸ் என்று குறைத்து, வினாடிக்கு வெறும் 10 படம் எடுக்க வேண்டியிருக்கும். கூழ் மாதிரிக்கு கலிபோர்னியாவின் எல்சிஎல்எஸ் செப்புக் குழாய் முடுக்கியில் 120 ஹெர்ட்ஸிலும், சுவிட்சர்லாந்தின் சுவிஸ்ஃபெல் 100 ஹெர்ட்ஸிலும் பொருத்தம். இந்தப் பொருத்தம் பார்க்காமல் ஹாம்பர்க்குக்கு அனுப்பினால், இயந்திரத்தையே புரிந்துகொள்ளவில்லை என்று தொழில்நுட்ப மதிப்பீட்டில் எழுதிவிடுவார்கள்.

இனி ஷிஃப்ட் கணக்கு. ஒரு ஷிஃப்ட் 12 மணி நேரம்.

பல்ஸ்கள் 1.13 மெகாஹெர்ட்ஸில் வந்தால் இடைவெளி 0.89 மைக்ரோவினாடி. ஜெட் வினாடிக்கு 100 மீட்டர் வேகத்தில் ஓடினால் அந்த இடைவெளியில் 89 மைக்ரோமீட்டர் நகரும். தூண்டும் லேசரின் புள்ளி 50 மைக்ரோமீட்டர் என்றால் தப்பித்தது போலத் தோன்றும். ஆனால் புள்ளியின் விளிம்பு ஒளியும், ஜெட்டின் உள்ளேயே சிதறி மேலேறும் ஒளியும், அடுத்த பல்ஸுக்காக வரும் படிகத்தைத் தொட்டுவிடும். லேசர் படாத இருட்டுப் படம் என்று நீங்கள் நினைப்பது இருட்டுப் படமாக இருக்காது. இதைத் தவிர்க்க வீதத்தை 564 கிலோஹெர்ட்ஸாகப் பாதியாக்கினால் ஜெட் நகரும் தூரம் சுமார் 177 மைக்ரோமீட்டராகிறது. படங்கள் குறையும், ஆனால் நம்பக்கூடியவையாக இருக்கும். ஏன் குறைத்தீர்கள் என்பதையும் புரொப்போசலில் சொல்லுங்கள்.

கொத்துக்கு 100 பல்ஸ் என்று வைத்துக்கொள்வோம். கொத்துக்கு 352 படம்வரை சேமிக்கும் ஏஜிஐபிடி டிடெக்டருக்கு இது ஒரு பாரமே இல்லை. வினாடிக்கு 1000 படம், ஒன்றுவிட்டு ஒன்று லேசர் பட்டால் ஒளிப் படங்கள் 500. நூற்றில் ஒன்றில் படிகம் சிக்கினால் 5. அதில் பாதி இண்டெக்ஸ் ஆனால் (படத்திலிருந்து படிகத்தின் திசையைக் கணிக்க முடிந்தால்) 2.5. ஒரு நேரப்புள்ளிக்கு (லேசர் பட்டு எவ்வளவு நேரம் கழித்துப் படம் என்பதற்கு) 15,000 படம் வேண்டுமென்றால் 6000 வினாடி, அதாவது 100 நிமிடம். நான்கு நேரப்புள்ளிக்கு 6 மணி 40 நிமிடம். இருட்டுப் படங்கள் கூடவே வந்துவிடும்.

இதைப் பார்த்துவிட்டு ஒரு ஷிஃப்ட் போதும் என்று எழுதினால் தொலைந்தது. ஜெட்டைப் பீய்ச்சும் நாசில் அடைக்கும், மாற்ற வேண்டும்; அறைக்குள் போய் வெளியே வந்து கதவைப் பூட்டி மறுபடி பீமைத் திறப்பதற்குள் அரை மணி போய்விடும். முடுக்கியும் இடையில் நிற்கும். 12 மணி நேரத்தில் 6 மணி நேரம் உருப்படியாகத் தரவு சேர்ந்தால் நல்ல ஷிஃப்ட் என்றே கணக்கில் வையுங்கள். ஆக, தரவுக்கு மட்டும் ஒரு ஷிஃப்ட்டுக்குச் சற்று மேல். லேசரும் எக்ஸ்ரேயும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் விழுகின்றனவா என்று பார்க்கத் தனியாக ஒரு ஷிஃப்ட். லேசர் சக்தியை மூன்று நான்கு படிகளாக ஏற்றிப் பார்க்க இன்னும் கொஞ்சம். மொத்தம் மூன்று ஷிஃப்ட் என்று இந்த வழியில் வந்து சேர்ந்தால் யாரும் மறுக்க மாட்டார்கள். ஹிட் வீதம் (படிகம் சிக்கும் படங்களின் பங்கு) 0.3 சதவீதமாகச் சரிந்தால் எந்த நேரப்புள்ளியைக் கைவிடுவீர்கள் என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.

லேசர் சக்தி விஷயத்தில் அலட்சியம் கூடாது. ஒரு மூலக்கூறு ஒன்றுக்கு மேற்பட்ட ஃபோட்டானை விழுங்கினால், நீங்கள் பார்ப்பது இயற்கையில் நடக்கும் வினையாக இருக்காது. புள்ளியின் அளவு, பல்ஸ் ஆற்றல், படிகத்தின் உறிஞ்சுதிறன் மூன்றையும் வைத்து மூலக்கூறுக்கு எத்தனை ஃபோட்டான் என்று கணக்கிட்டுக் காட்டுங்கள். அதிகச் சக்தியில்தான் சிக்னல் தெரியும் என்று எழுதுவது இன்றைக்கு வலுவான எதிர்வாதத்தை நீங்களே எடுத்துக் கொடுப்பதுதான்.

மாதிரியின் அளவு. ஜெட் நிமிடத்துக்கு 20 மைக்ரோலிட்டர் இழுத்தால் 400 நிமிடத்துக்கு 8 மில்லிலிட்டர். தொடக்க ஓட்டம், குழாயில் தங்குவது, அடைப்பில் வீணாவது எல்லாம் சேர்த்து இரட்டிப்பாக்கி 16 மில்லிலிட்டர் என்று வையுங்கள். அதில் படிகம் கன அளவில் 2 சதவீதம் என்றால் 0.32 மில்லிலிட்டர் படிகம். படிகத்தில் பாதி நீர் என்று எடுத்தால் ஏறத்தாழ 200 மில்லிகிராம் புரதம். ஒரு தொகுதிக்கு எவ்வளவு புரதம் கிடைக்கிறது, எத்தனை தொகுதி, எத்தனை வாரம் என்று எழுதினால் உங்கள் ஆய்வகம் தயார் என்பது தெரியும். எத்தனால் உறை போட்ட இரட்டை ஓட்ட நாசில் வைத்தால் மாதிரிச் செலவு வெகுவாகக் குறையும். ஆனால் உங்கள் படிகம் எத்தனாலைத் தாங்குமா என்று முன்பே சோதித்திருக்க வேண்டும்.

நுண்ணோக்கிப் படம் ஒன்று, அளவுகோலுடன், கட்டாயம் வேண்டும். படிகங்கள் சீரான அளவில் இருக்கிறதா என்பதை அந்தப் படமே சொல்லிவிடும். 3 மைக்ரோமீட்டர் படிகங்களுக்கு நடுவே 30 மைக்ரோமீட்டர் ஊசிகள் நாலைந்து கிடந்தால், நாசிலை அடைப்பது அந்த நாலைந்துதான். 10 அல்லது 20 மைக்ரோமீட்டர் எஃகு வடிகட்டியில் ஓட்டிய பிறகு எடுத்த படத்தைப் போடுங்கள். படிகங்கள் அடியில் தங்கிவிடும் என்பதால் சிரிஞ்சைச் சுழற்றும் ஏற்பாடு உண்டா என்பதும் முக்கியம். தாங்கல் கரைசலில் உப்பு அதிகம் இருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள்: நாசில் முனையில் உப்புப் படிகம் வளர்ந்து பீமில் விழுந்தால், அதன் கூர்மையான பிராக் புள்ளிகள் (படிகம் சிதறடிக்கும் எக்ஸ்ரேயின் புள்ளிகள்) டிடெக்டரையே சேதப்படுத்தலாம். படிகத்தின் அலகுக்கூடும் (திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய அலகு) ரிசொல்யூஷனும் (எவ்வளவு நுணுக்கம் தெரியும் என்பது) தெரிந்திருக்க வேண்டும். இந்தியாவில் இருப்பவர்கள் அதே வகையில் பெரிய படிகம் வளர்த்து, இந்தூரின் இண்டஸ்-2 சிங்க்ரோட்ரானிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவையும் எழுதி முடித்துவிட்டுக் கருவி விஞ்ஞானிக்கு அனுப்புவது தவறான வரிசை. புரொப்போசலுக்கான அழைப்பு வெளியானதுமே ஒரு பக்கச் சுருக்கத்தை அனுப்பி, வேண்டிய அலைநீளம், பல்ஸ் வீதம், நாசில் எல்லாம் அந்தச் சுற்றில் கிடைக்குமா என்று கேளுங்கள். கடைசி வாரத்தில் கேட்டால் அவர்களுக்கு நேரம் இருக்காது.

விண்ணப்பம் யூபெக்ஸ் என்ற பயனர் இணையதளத்தில். குழுவினர் ஒவ்வொருவரும் அவரவர் கணக்கைத் தாங்களே தொடங்க வேண்டும். பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலவே பெயர் இருக்கட்டும், இனிஷியல் மட்டும் போட்டால் பின்னால் விசாவுக்கும் நுழைவு அட்டைக்கும் இழுபறி. ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால், தேதி வந்த அன்றே அழைப்புக் கடிதம் கேளுங்கள். ஒதுக்கீடு கிடைத்தபின் ஏ-ஃபார்ம் நிரப்ப வேண்டும்: யார் வருகிறார்கள், என்ன வேதிப்பொருள், மரபணு மாற்றிய உயிரி ஏதும் உண்டா என்று எல்லாமே அதில். அங்கே விடுபட்ட வேதிப்பொருள் ஆய்வகத்துக்குள் நுழையாது. இரவு ஷிஃப்ட்டுக்கும் ஆள் வேண்டும். நாசில் பார்க்க ஒருவர், படிகம் தயாரிக்க இருவர், ஓடும்போதே தரவு பார்க்க இருவர் என்று பகலுக்கும் இரவுக்கும் தனித்தனியாகப் பெயர் போட்டுப் பாருங்கள். ஆள் குறைவது அப்போதே தெரிந்துவிடும்.

கிடைக்காமல் போனால் குழுவின் கருத்துகள் வரும். அடுத்த சுற்றில் அதே புரொப்போசலைத் தேதி மாற்றி அனுப்பாதீர்கள். அவர்கள் சுட்டிய குறை என்ன, அதற்குப் பிறகு எடுத்த புதிய படம், புதிய ஜெட் சோதனை, புதிய தரவு என்ன என்று முதல் பக்கத்தின் மேலேயே நாலு வரியில் எழுதி அனுப்புங்கள்.