காது வில்லை எண் என்று நினைத்தோம்

தாத்தாவின் ராணுவக் கோப்பு போன வாரம்தான் கைக்கு வந்தது. முதல் விண்ணப்பம் போட்டு ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. அதில் பாதி என் அவசரத்தால் போனது. மீதி ஒரு கவுண்டர் ஊழியராலும் ஒரு பொய்யான பிறந்த தேதியாலும் போனது. கனடாவில் இப்படிக் கோப்பு தேடுகிறவர்கள் யாராவது இருந்தால் இதைப் படித்துவிட்டுப் படிவத்தைத் தொடுங்கள்.

தாத்தா என்றால் என் மாமியாரைப் பெற்றவர். கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் மாட்டுப் பண்ணை வைத்திருந்தார். இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பி, படைவீரர்களுக்காக 1942இல் வந்த நிலச் சட்டத்தின் கீழ் கடன் வாங்கி, கால் செக்‌ஷன், அதாவது 160 ஏக்கர் வாங்கி, பன்னிரண்டு கிடாரிகளோடு ஆரம்பித்தவர். 2019இல் 96 வயதில் காலமானார். அதற்கு முந்தைய வருடம்கூட மாடு கன்று ஈனும் இரவுகளில் டார்ச்சை எடுத்துக்கொண்டு பனியில் தொழுவத்துக்குப் போய்விடுவார். மாடுகளைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார். போர் எப்படி இருந்தது என்று கேட்டால் "ஈரமாக இருந்தது" என்பார். அவ்வளவுதான். ரெஜினா ரைஃபிள்ஸ் படைப்பிரிவு என்பது மட்டும் தெரியும். 1944 ஜூன் 6 அன்று பிரான்ஸின் நார்மண்டியில், ஜூனோ என்று பெயர் வைத்த கடற்கரையில் இறங்கிய படை அது. அன்றைக்கு அவர் அங்கே இருந்தாரா என்பது பெற்ற மகளுக்கே தெரியாது. மாமியாருக்கு 70 தாண்டிவிட்டது. தன் காலத்துக்குள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார்.

போரில் இறந்தவர்களின் கோப்புகளை இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். உயிரோடு திரும்பி வந்தவர்களுக்குத்தான் இந்த வழிமுறையெல்லாம். அவர் இறந்து 20 வருடம் ஆகியிருந்தால் இறப்புக்குச் சான்று காட்டினால் போதும். ஆகவில்லை என்றால் நெருங்கிய உறவினர்தான் கேட்க வேண்டும், உறவுக்கும் சான்று வைக்க வேண்டும்.

முதலில் கோட்டை விட்டது நான்தான். வீட்டில் படிவம் நிரப்புவது என் வேலை என்பதால் என் பெயரிலேயே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். நம் ஊரில் பேத்தி மாப்பிள்ளை என்றால் கல்யாண வீட்டில் முதல் பந்தி. அங்கே நான் யாருமே இல்லை. பெற்றோர், துணைவர், பிள்ளை, உடன்பிறந்தவர், பேரப்பிள்ளை, இவர்களோடு பட்டியல் முடிந்துவிடுகிறது. சில மாதம் கழித்து வந்த கடிதம் இதை மரியாதையாகச் சொன்னது. கோபப்படவும் வழியில்லை, படிவத்திலேயே எழுதியிருந்ததுதான்.

சரி, மாமியார் பெயரில் போடலாம் என்றால் இறப்புச் சான்றிதழைக் காணவில்லை. பனி உருகிய வருடம் பேஸ்மென்ட்டில் தண்ணீர் ஏறி ஒரு பெட்டிக் காகிதம் கூழாகியிருந்தது. புதிதாக வாங்கிவிடலாம் என்று ஜனவரி மாதத்தில், மைனஸ் 31 டிகிரியில், 230 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனோம். கவுண்டரில் இருந்தவர் மாமியாரின் பிறப்புச் சான்றிதழைப் பார்த்தார், ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்தார். இரண்டிலும் குடும்பப் பெயர் வேறு வேறு என்றார். கல்யாணம் ஆனதால் மாறியது என்றோம். கல்யாணச் சான்றிதழ் எங்கே என்றார். அது கூழான பெட்டியில் இருந்தது. "அதை வாங்கிக்கொண்டு வாருங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். மாமியார் கையுறையைக்கூடக் கழற்றியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து படிவத்தின் விளக்கப் பக்கத்தை, இந்தத் தடவை நிஜமாகவே, படித்தேன். இறப்புச் சான்றிதழ்தான் வேண்டும் என்று கட்டாயமே இல்லை. செய்தித்தாளில் வந்த இரங்கல் அறிவிப்பு போதும், கல்லறைக் கல்லின் புகைப்படம்கூடப் போதும். அந்த இரங்கல் அறிவிப்பு 2019இலிருந்து எங்கள் ஃபிரிட்ஜ் கதவில், பசுமாட்டு வடிவக் காந்தத்துக்குக் கீழே, தொங்கிக்கொண்டிருக்கிறது. மாமியார் விழுந்து விழுந்து சிரித்தார். 460 கிலோமீட்டர் ஓட்டியது நான்.

இரண்டாம் விண்ணப்பத்துக்கும் பதில் வந்தது. இந்தப் பெயரிலும் பிறந்த தேதியிலும் யாரும் இல்லை என்றார்கள். எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாத்தாவின் குடும்பம் உக்ரைனிலிருந்து வந்தது. அவர்கள் பெயரை ஒவ்வொரு குமாஸ்தாவும் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார்கள். பள்ளிச் சான்றில் ஒரு விதம், நிலப் பத்திரத்தில் இன்னொரு விதம். ஆறு எழுத்துக்கூட்டல் வரை எண்ணிவிட்டு விட்டுவிட்டேன். ராணுவ எண் இருந்தால் பெயரைப் பற்றிக் கவலையே இல்லை, ஆனால் அது யாருக்கும் தெரியாது.

விடை தாத்தாவின் கன்று நோட்டுகளில் இருந்தது. விதைக் கம்பெனிக்காரர்கள் இனாமாகக் கொடுக்கும் சட்டைப்பை அளவு நோட்டுகள்தான், 1947இலிருந்து வருடத்துக்கு ஒன்று. எந்தப் பசு என்றைக்கு ஈன்றது, காளையா கிடாரியா, கன்று எழுந்து நின்றதா என்று வரிவரியாக எழுதியிருப்பார். 1952இல் சஸ்காட்செவனில் கோமாரி வந்து அமெரிக்கா எல்லையை மூடியபோது விலை விழுந்தது ஒரே வரி. 2003 மே மாதம் ஆல்பர்ட்டாவில் ஒரு பசுவுக்கு 'மேட் கவ்' நோய் என்று தெரிந்து மறுபடி எல்லை மூடியபோதும் ஒரே வரிதான், அப்போது அவருக்கு 80 வயது. அடுத்த வரியிலேயே யாரோ ஒரு பசு இரட்டைக் கன்று போட்டிருக்கிறது.

ஒவ்வொரு நோட்டின் உள்ளட்டையிலும் 'எல்' என்ற எழுத்தும் ஐந்து இலக்கங்களும் இருந்தன. நான் ஏற்கெனவே பார்த்ததுதான், ஏதோ மாட்டின் காதில் அடையாளத்துக்கு மாட்டும் வில்லையின் எண் என்று விட்டிருந்தேன். மாமியார்தான், "எந்த மாடு எழுபது வருஷம் இருக்கும்?" என்று கேட்டார்.

அந்தக் காலத்தில் கனடா ராணுவ எண்ணின் முதல் எழுத்து, ஆள் சேர்ந்த வட்டாரத்தைக் காட்டும். மனிடோபாவுக்கு எச், ஆல்பர்ட்டாவுக்கு எம், சஸ்காட்செவனுக்கு எல். உங்கள் வீட்டிலும் பழைய பெட்டிமூடி, பெல்ட், பைபிள் அட்டை எல்லாவற்றையும் இப்படி ஓர் எழுத்தும் எண்ணும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் இன்னொன்று: முக்கியப் பக்கங்கள் போதுமா, முழுக் கோப்பா என்று கேட்டால் முழுக் கோப்பு என்று சொல்லுங்கள். காத்திருப்பு கூடும், ஆனால் சுவாரஸ்யமெல்லாம் அந்த மற்ற பக்கங்களில்தான்.

எண்ணைப் போட்டு அனுப்பினோம். வந்துவிட்டது. பிறந்த வருடம் 1921 என்றிருக்கிறது. 1923இல் பிறந்தவர், 1940இல் சேரும்போது வயதை இரண்டு கூட்டிச் சொல்லியிருக்கிறார். தொழில் விவரப் படிவத்தில் போருக்குப் பின் விவசாயம் செய்ய விருப்பமா என்ற கேள்விக்கு 'ஆம்' என்று பேனா அழுத்தி எழுதியிருக்கிறார். ஜூன் 6 அன்று ஜூனோவில் இருந்திருக்கிறார். அக்டோபரில் பெல்ஜியத்தின் லியோபோல்ட் கால்வாயில் தோளில் காயம்.

அந்தக் கால்வாயைப் பற்றித் தேடிப் படித்தேன். அக்டோபர் 6 அதிகாலையில் அக்கரைமேல் தீயைப் பாய்ச்சிவிட்டுப் படகில் கடந்திருக்கிறார்கள். கரை ஏறினால் அந்தப் பக்கம் வயலெல்லாம் வெள்ளம். குழி தோண்டினால் தண்ணீர் ஊறியிருக்கிறது, அதற்குள்ளேதான் நாள் கணக்கில் கிடந்திருக்கிறார்கள். மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். "ஈரம்" என்று மட்டும் சொன்னார், அவர் அப்பா குரலிலேயே.

கோப்பில் இன்னொன்றும் தெரிந்தது. போருக்குப் பின் பதக்கங்கள் தானாக வீடு தேடி வராது, விண்ணப்பித்துத்தான் வாங்க வேண்டும். தாத்தா விண்ணப்பிக்கவே இல்லை. குடும்பத்தார் இப்போதும் கேட்கலாமாம். போரில் இறந்தவர்களை நினைவுகூரும் நவம்பர் 11 அன்று குத்திக்கொண்டு போகிறேன் என்கிறான் மச்சான். அடுத்தவர் பதக்கத்தைத் தன்னுடையதுபோல் அணிவது இங்கே சட்டப்படி குற்றம், சட்டகம் போட்டுச் சுவரில்தான் மாட்டலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பதக்கத்துக்கான படிவம் சாப்பாட்டு மேஜையில் கிடக்கிறது. விளக்கப் பக்கத்தை இரண்டு தடவை படித்துவிட்டேன். கையெழுத்து மாமியாருடையது.