வார்டு கவுன்சிலரின் ஒரு வாரம்: சென்னையில் எது யார் வேலை?

சென்னை மாநகராட்சியில் 200 வார்டுகள். 2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்துப் பார்த்தாலே ஒரு வார்டுக்குச் சராசரியாக 33 ஆயிரம் பேர். இத்தனை பேருக்கும் கவுன்சிலர் ஒருவர்தான். மாத மதிப்பூதியம் 10 ஆயிரம் ரூபாய். அதுவும் 2023 ஜூலையில் இருந்துதான். அவரால் எந்த அதிகாரிக்கும் நேரடியாக உத்தரவு போட முடியாது. நிர்வாகம் ஆணையர் கையில். சரியான துறையை, சரியான இடத்தைக் காட்டி, எழுத்தில் கேட்டு, முடியும்வரை விடாமல் இருப்பதுதான் கவுன்சிலரின் பலம். வாரம் முழுக்க அவர் செய்வது பெரும்பாலும் இதுதான்.

திங்கட்கிழமை காலை ஆறரைக்கே தெருவில் இருக்க வேண்டும். தூய்மைப் பணியாளர்கள் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள், எத்தனை பேட்டரி வண்டி ஓடுகிறது என்று அப்போது எண்ணினால்தான் உண்டு. குப்பை தேங்கினால் முதலில் பார்க்க வேண்டியது வண்டியைத்தான். வண்டி ஒன்று சார்ஜ் ஏறாமல் நின்றுவிட்டால் அது போக வேண்டிய தெருக்களில் வீடு வீடாக எடுப்பது நின்றுபோகும், மக்கள் முனைத் தொட்டியில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள், மத்தியானத்துக்குள் தொட்டி வழியும். தொட்டி நிறைந்ததற்குப் பணியாளரைத் திட்டுவதில் ஒரு நியாயமும் இல்லை.

ஒன்பது மணிக்கு மேல் போன் ஓயாது. அதிகம் வருவது 'தெருவில் சாக்கடை ஓடுது' என்ற புகார். இதில்தான் பாதி வாரம் வீணாகும். கழிவுநீர்க் குழாயும் குடிநீரும் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு; மழைநீர் வடிகால் மாநகராட்சியின் பொறுப்பு. தண்ணீர் எந்த மூடியிலிருந்து வருகிறது என்று நேரில் போய்ப் பார்க்காமல் யாரைக் கூப்பிட்டாலும், 'அது எங்களுது இல்லைங்க' என்றுதான் பதில் வரும். வட்ட மேன்ஹோல் மூடியிலிருந்து பொங்கினால் பெரும்பாலும் வாரியம். வாரியத்தின் 1916 என்ற தொலைபேசி எண்ணில் பதிந்து புகார் எண்ணை வாங்கிக்கொண்டு, தண்ணீரைப் பீய்ச்சி அடைப்பெடுக்கும் ஜெட் ராடிங் வண்டி கேட்க வேண்டும். மழையே இல்லாத நாளில் மழைநீர் வடிகாலில் கறுப்புத் தண்ணீர் ஓடினால், மேலே எங்கோ ஒரு வீடோ ஓட்டலோ கழிவுநீரைத் திருட்டுத்தனமாக அதில் திருப்பியிருக்கிறது. அந்த இணைப்பைக் கண்டுபிடித்து அடைக்காமல் தூர்வாரினால் பத்து நாளில் பழைய கதைதான். இரண்டு துறைப் பொறியாளர்களையும் ஒரே நேரத்தில் அந்த மூடியருகே நிற்க வைத்தால் வேலை நடக்கும். தனித்தனியாகப் பேசினால் நடக்காது.

தெருவிளக்குக்கும் இதே கணக்குத்தான். ஒரு விளக்கு எரியவில்லை என்றால் விளக்கில் கோளாறு. வரிசையாக அணைந்திருந்தால் ஸ்விட்ச் பெட்டியிலோ கேபிளிலோ கோளாறு. வீடுகளிலும் கரண்ட் இல்லையென்றால் மின்வாரியத்தைத்தான் கேட்க வேண்டும். கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்து மாநகராட்சியின் 1913 புகார் எண்ணில் சொன்னால், லைன்மேன் தெருத் தெருவாகத் தேட வேண்டியதில்லை.

வாரத்தில் இரண்டு மாலையாவது கையெழுத்துக்கு ஒதுக்க வேண்டும். ஆதார் முகவரி மாற்றத்துக்கு வருபவர்களே அதிகம். வாடகை வீட்டுக்காரர்களுக்கு வேறு சான்று கிடைப்பதில்லை. வெறும் லெட்டர் பேடில் எழுதிக் கொடுத்தால் சேவை மையத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆதார் ஆணையத்தின் சான்றிதழ்ப் படிவத்தையே நிரப்ப வேண்டும். போட்டோ ஒட்டி, கையெழுத்தும் முத்திரையும் பாதி போட்டோவிலும் பாதி காகிதத்திலும் விழும்படி போட வேண்டும். தேதியை மறந்தால் படிவம் செல்லாது. தேதியிலிருந்து மூன்று மாதம்தான் அதற்கு ஆயுள். ஒரு எழுத்துப் பிழைக்காக அன்றாடக் கூலிக்காரர் இன்னொரு நாள் கூலியை இழப்பார் என்பதால், பெயரை அவர் கையிலிருக்கும் அட்டையைப் பார்த்தே எழுதுவது நல்லது. பெண் கவுன்சிலர்களின் வார்டுகளில் இந்தக் கையெழுத்தை அவர்களே நேரில் போட வேண்டும். பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருப்பது கணவர்கள் நாற்காலியில் உட்காருவதற்காக அல்ல.

வார்டு மேம்பாட்டு நிதி 2025-26 பட்ஜெட்டில் 60 லட்சம் ரூபாயாக உயர்ந்தது. பணம் கவுன்சிலர் கைக்கு வராது. அவர் வேலையை எழுதிக் கொடுப்பார், ஏ.இ. (உதவிப் பொறியாளர்) அளந்து எஸ்டிமேட் போடுவார். மேலே ஒப்புதல், பிறகு டெண்டர், பிறகு பணி ஆணை. ஏப்ரல், மே மாதத்திலேயே பட்டியலைக் கொடுத்துவிட வேண்டும். ஆகஸ்டில் கொடுத்தால் டெண்டர் முடிவதற்குள் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும், சாலை வெட்டத் தடை போடுவார்கள், ஜனவரிக்குத் தள்ளிப்போகும், மார்ச்சில் அவசர அவசரமாக நடக்கும். அவசரத்தில் போட்ட வேலை அடுத்த மழைக்கே பல்லைக் காட்டும்.

தார்ச்சாலை பெரும்பாலும் இரவில்தான் போடுவார்கள். கவுன்சிலர் தூக்கம் பார்க்காமல் நிற்க வேண்டிய இடம் இது. பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதுசு போட வேண்டும் என்று 2021-லேயே தலைமைச் செயலர் அறிவுறுத்திவிட்டார். சுரண்டாமல் மேலேயே போட்டால் சாலை உயர்ந்து, மழைத்தண்ணீர் வீட்டு வாசல் ஏறும். இறுகிய பிறகு 40 மில்லிமீட்டர் வேண்டுமென்றால், ரோலர் ஏறுவதற்கு முன் கலவை ஏறக்குறைய 50 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஓர் இரும்பு ஸ்கேலைச் செருகிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஓரத்தையும் நடுவையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், ஓரத்தில்தான் குறைப்பார்கள். கலவை ஆறிவிட்டால் ரோலர் எத்தனை முறை ஓடினாலும் இறுகாது. லாரி வந்த நேரத்தைக் குறித்து வைப்பதும், மேன்ஹோல் மூடிகள் தாருக்கடியில் மறையாமல் பார்ப்பதும் அந்த இரவின் வேலைகள்.

தூர்வாரும் காலத்தில் கவனிக்க வேண்டியது வேறு. எடுத்த சேற்றை வடிகால் ஓரத்திலேயே குவித்துவிட்டுப் போவார்கள். ஒரு நாள் காயட்டும், சரி. மறுநாள் லாரி வரவில்லையென்றால் அடுத்த மழையில் அதே சேறு அதே வடிகாலுக்குள் போய்விடும். எடுத்த அளவுக்கான தொகை மட்டும், ஒப்பந்ததாரருக்குப் பணம் தருவதற்காக எழுதும் அளவுப் புத்தகத்தில் ஏறியிருக்கும். அதனால் தூர்வாரியதையும் சேறு போனதையும் தேதியோடு இரண்டு போட்டோவாக எடுத்து வைக்க வேண்டும்.

மாதக் கடைசியில் ரிப்பன் மாளிகையில் மன்றக் கூட்டம். அங்கே பேசக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். பத்துக் குறைகளை அடுக்குவதைவிட, ஒரே தெருவைப் பற்றி, புகார் எண்ணோடும் தேதியோடும் கேட்டால் பதில் வந்தே தீரும்.

வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடிக் குறை சொல்லும் ஏரியா சபை ஆண்டுக்கு நான்கு முறை: ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10. கூட்டத்துக்குப் போனால், நீங்கள் சொன்ன குறை தீர்மானப் புத்தகத்தில் தெருப் பெயரோடு ஏறியிருக்கிறதா என்று அங்கேயே வாங்கிப் படித்துவிட்டு எழுந்திருங்கள்.